இரவல் அளவுகள்: முழங்கால் மாற்று அறுவைக்குப் பிந்தைய பயிற்சியின் வரலாறு

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புபவரின் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று மருந்துச் சீட்டு. மற்றது, நகலுக்கு நகல் எடுத்து எழுத்து மங்கிப்போன பயிற்சித் தாள். தொடையை இறுக்கி முழங்காலைப் படுக்கையில் அழுத்தவும், பத்து முறை. குதிகாலைப் படுக்கையோடு இழுத்துக் காலை மடக்கவும், பத்து முறை. காலை நீட்டியபடியே தூக்கவும், பத்து முறை. மருந்தின் மில்லிகிராம் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

மூட்டு நோய்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தின் கதையை ஓய்வுக்கும் அசைவுக்கும் இடையிலான வழக்காகச் சொல்வதும், கடைசியில் அசைவு வென்றதாக முடிப்பதும் வழக்கம். அந்தச் சித்திரம் தவறில்லை, ஆனால் போதாது. முழங்கால் மாற்று அறுவையைப் பொறுத்தவரை எவ்வளவு ஓய்வு, எவ்வளவு அசைவு, எவ்வளவு வேகம் என்ற அளவுகள் எல்லாமே வேறு நோயாளிகளுக்காக, வேறு உடல்களை வைத்து உருவானவை. பிறகு இங்கே இரவலாக வந்தவை. இக்கட்டுரை அந்த இரவல்களைத் தேதி வாரியாகப் பின்தொடர்கிறது.

முதல் இரவல் காசநோயிடமிருந்து வந்தது. 1863-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வே மூட்டுக்கு மருந்து என்று வாதிட்ட தன் விரிவுரைகளை நூலாக்கினார். 1875-இல் லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றிய தன் நூலில் அதைக் கட்டளையாகவே மாற்றினார்: இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு. தாமஸ் பரம்பரை எலும்பு வைத்தியக் குடும்பத்தில் வந்தவர். அவர் வடிவமைத்த இரும்புச் சட்டம் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. அன்றைய மூட்டு நோயாளிகளில் பெரும் பகுதியினருக்குக் காசநோய். நோய்த்தொற்று உள்ள மூட்டை அசைத்தால் அது சீறும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. 1890-இல் பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் க்ளுக் யானைத் தந்தத்தில் கீல் செய்து முழங்காலில் பொருத்தினார். செயற்கை முழங்காலின் தொடக்கம் அதுவே. அவருடைய நோயாளிகளுக்கும் காசநோய்தான். தொற்றே அந்த முயற்சியைக் கவிழ்த்தது.

அதே காலத்தில் பாரிஸில் லூக்கா-ஷாம்பியோன்யேர் என்பவர் எலும்பு முறிவுகளையே கட்டிப்போடாமல், பிசைந்தும் அசைத்தும் குணப்படுத்தலாம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகில் அவர் குரல் அதிகம் எடுபடவில்லை. தாமஸின் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவரானார். தடித்த பஞ்சு அடுக்குகளை வைத்து இறுகச் சுற்றும் கட்டு ஒன்று அவர் பெயரைத் தாங்கி நின்றது. இந்தக் கட்டைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1970-களின் நவீன செயற்கை முழங்கால்களையும் அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் அதே கட்டுதான் சுற்றியிருந்தது. காசநோய் போய்விட்டது, கட்டு போகவில்லை.

இரண்டாவது இரவல் போர்க்கள வாலிபர்களுடையது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனை, முழங்கால் காயத்தோடும் மெலிந்த தொடையோடும் வந்த சிப்பாய்களால் நிரம்பியிருந்தது. அங்கே பணியிலிருந்த தாமஸ் டிலோர்ம் சிறுவயதில் கீல்வாதக் காய்ச்சலில் விழுந்து, எடை தூக்கியே தன் உடலைத் தேற்றிக்கொண்டவர். அந்த அனுபவத்தை அவர் வார்டுக்குள் கொண்டுவந்தார். நோயாளி மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றை வாரால் கட்டுவார்கள். அதில் எடைத் தட்டுகளைக் கோத்து, காலை நீட்டித் தூக்கச் சொல்வார்கள். பலவீனமான தசையை லேசான எடையில் நூறு முறை ஆட்டவேண்டும் என்று அதுவரை நம்பியதற்கு இது நேர் எதிர்: எடை அதிகம், முறை குறைவு. 1945-இல் வெளியான அவருடைய கட்டுரை பத்து முறை கொண்ட ஏழு சுற்றுகள் முதல் பத்துச் சுற்றுகள் வரை பரிந்துரைத்தது. 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து எழுதியபோது அது மூன்று சுற்றாகச் சுருங்கியது: ஒருவர் பத்து முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் முதலில் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுதும்.

பயிற்சித் தாளின் பத்துக்குப் பின்னால் நிற்பது, என் கணிப்பில், இந்த இரும்புக் காலணிதான். எண் நிலைத்தது, அதை அர்த்தப்படுத்திய பாதி, முக்கால், முழுது என்ற படிக்கட்டு உதிர்ந்துபோனது. எடையே இல்லாத அசைவுக்குப் பத்து என்ற எண் எதையும் அளப்பதில்லை. இருபது வயதுச் சிப்பாயின் தசைக்கு வகுத்த கணக்கை, முந்தைய வாரம்தான் எலும்பு அறுபட்ட அறுபத்தைந்து வயதுப் பெண்மணிக்குக் கொடுப்பதில் உள்ள பொருத்தமின்மையை விளக்க வேண்டியதில்லை.

இனி அறுவையே மாறிய காலம். ஸ்டாக்ஹோமில் பூரியே வால்டியஸ் 1951-இல் செய்த கீல், லண்டனில் ஷியர்ஸ் 1954-இல் செய்த எஃகுக் கீல் ஆகியவை கதவுபோல ஓர் அச்சில் மட்டுமே திரும்பின. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கனடாக்காரர் ஃப்ராங்க் கன்ஸ்டன் கீலைக் கைவிட்டு, எலும்பின் மேற்பரப்புகளை மட்டும் மாற்றினார். 1974-இல் நியூயார்க்கின் சிறப்பு அறுவை மருத்துவமனையில் ஜான் இன்சால், பொறியாளர் பீட்டர் வாக்கர், இந்தியாவில் பிறந்த சித்ரஞ்சன் ரணாவத் ஆகியோர் உருவாக்கிய மூட்டே இன்றைய வடிவங்களுக்கு மூலம். பலகாலம் நிலைக்கும் முழங்கால் கிடைத்துவிட்டது. அதை எப்படிப் பழக்குவது என்பதற்குத் தனியாக ஒரு கோட்பாடு வரவில்லை. கட்டுப் போட்டுச் சில நாள் படுக்கை. பிறகு மடக்கும் பயிற்சி. இரண்டு மூன்று வாரத்தில் 90 பாகை மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மருத்துவரே கையால் மடக்குவது. 90 என்ற எண்ணுக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருந்தது. 1972-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு படியேற 83 பாகை, நாற்காலியில் உட்கார 93, காலணி நாடா கட்ட 106 என்று அளந்திருந்தது. நாற்காலியும் நாடாவும் உள்ள வாழ்க்கையின் அளவுகள் இவை.

விறைப்பைப் பற்றிய இந்தப் பயம்தான் மூன்றாவது இரவலுக்கு வாசலைத் திறந்தது. டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் சால்டர் 1970 முதல் முயல்களின் முழங்காலில் சோதனை செய்துவந்தார். குருத்தெலும்பில் துளையிட்டு, சில முயல்களின் காலைக் கட்டிப்போட்டார், சிலவற்றைக் கூண்டில் ஓடவிட்டார், சிலவற்றின் காலை இயந்திரத்தால் இடைவிடாமல் ஆட்டினார். கடைசிக் கூட்டத்தில்தான் துளைகள் நன்றாக ஆறின. 1978-இல் பொறியாளர் ஜான் சாரிங்கருடன் சேர்ந்து மனிதருக்கான இயந்திரம் செய்தார். சில ஆண்டுகளில் அது முழங்கால் மாற்று அறுவை வார்டுகளில் நுழைந்தது. கட்டிலில் தொட்டில் போன்ற தாங்கி, அதில் கால், கீழே மோட்டார். நோயாளி பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, கால் தானே மடங்கி நீளும். தினமும் சில பாகைகள் கூட்டுவார்கள்.

சால்டர் நிரூபித்தது குருத்தெலும்பு வளர்வதை. மாற்று அறுவையில் முதலில் அறுத்து எறியப்படுவதே அந்தக் குருத்தெலும்புதான். ஆனாலும் இயந்திரம் முப்பது ஆண்டுகள் ஓடியது. 2014-இல் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வு 24 சோதனைகளை, 1,445 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இயந்திரத்தால் கிடைத்த கூடுதல் மடக்கு சராசரியாக 2 பாகை. பாகைமானியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

இத்தனைக்கும் முழங்காலே தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தி 1965 முதல் அச்சில் இருந்தது. அந்த ஆண்டு டி ஆண்ட்ராடேயும் சகாக்களும் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி, முழங்கால் உப்ப உப்பத் தொடையின் முன்பக்கத் தசை வலுவிழப்பதைக் காட்டினர். வலியால் அல்ல, அனிச்சையால்: மூட்டுறை விரிந்ததும் அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி, தண்டுவடத்தில் தசைக்கான கட்டளையை மட்டுப்படுத்துகிறது. 1984-இல் ஸ்பென்சர் குழு அளவையும் கண்டது. முழங்கால் சில்லுக்கு உட்புறம் இருக்கும் தசை அடங்க 20 முதல் 30 மில்லிலிட்டர் போதும். மற்றவற்றுக்கு 50 முதல் 60. அதாவது இரண்டு மேசைக்கரண்டி நீர் சேர்ந்தாலே, காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் தசைகளில் ஒன்று மங்கத் தொடங்குகிறது. நோயாளி மனம் வைத்தாலும் தொடை கேட்காது. படியிறங்கும்போது கால் திடீரெனத் தளர்ந்து மடங்குவதற்கும், நீட்டிய கால் கடைசிச் சில பாகைகளில் தொய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். 2005-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் மிஸ்னரும் சகாக்களும் மாற்று அறுவை செய்துகொண்டவர்களையே சோதித்தார்கள். ஒரு மாதத்தில் தொடைத் தசையின் வலு 62 சதவீதம் வீழ்ந்திருந்தது. தசையின் பருமன் குறைந்ததோ ஏறத்தாழ 10 சதவீதம்தான். மிச்ச இழப்பில் பெரும் பங்கு தசை கரைந்ததால் வந்ததல்ல, அதற்குக் கட்டளை போய்ச் சேராததால் வந்தது.

பயிற்சியின் அளவைப் பற்றிய விவாதத்தையே புரட்டிப்போட்டிருக்க வேண்டிய செய்தி இது. அளவு மீறினால் முழங்கால் வீங்குகிறது. வீங்கினால் எந்தத் தசைக்காகப் பயிற்சி செய்கிறோமோ அதுவே ஒடுங்குகிறது. இப்படிப் பார்த்தால் மறுநாள் காலை சில்லின் நடுவே டேப்பைச் சுற்றிப் பார்க்கும் சுற்றளவு, பத்து முறை என்ற கணக்கைவிட நம்பத்தக்கது. கூடியிருந்தால் அன்று முறைகளைக் குறைத்து, காலை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம். தணிந்திருந்தால் ஒரு படி மேலே. நல்ல இயன்முறை மருத்துவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். மங்கிய தாளில் இதற்கு இடமில்லை.

நிதானித்துக் கூட்டுவது என்ற யோசனையும்கூட இரவல்தான். 1970-களில் சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் நாள்பட்ட வலியில் உழன்றவர்களுக்குச் சொன்னது அது. வலிக்கும்வரை செய்துவிட்டு ஓய்வெடுத்தால், ஓய்வு வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். ஆகவே தாங்குவதற்குச் சற்றுக் கீழே எண்ணிக்கையை வைத்து, அங்கேயே நிறுத்தி, மெல்ல ஏற்றவேண்டும். வந்த இரவல்களில் முழங்காலுக்கு ஓரளவு பொருந்தியது இது ஒன்றே.

ஆனால் காலம் நிதானத்தின் பக்கம் இல்லை. 1990-களில் கோபன்ஹேகனின் ஹென்ரிக் கேலட் பெருங்குடல் அறுவை நோயாளிகளை இரண்டொரு நாளில் நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார்: அபின் வகை மருந்தைக் குறைத்த வலி நிவாரணம், சீக்கிரமே உணவு, சீக்கிரமே நடை. டென்மார்க்கின் மூட்டு மாற்றுப் பிரிவுகள் அதை எடுத்துக்கொண்டன. 2000-இல் பத்து நாளுக்கு மேல் இருந்த படுக்கைக் காலம் 2009-இல் நான்கு நாளானது. இது நன்மையே, அறுவையன்றே வாக்கர் பிடித்து எழுந்து நிற்பவருக்கு ரத்தம் உறையும் அபாயமும் குறைவு. தவறு வேறிடத்தில் நேர்ந்தது. சீக்கிரம் தொடங்கு என்பது, கடினமாகச் செய் என்று பொருள்பட ஆரம்பித்தது.

அதைச் சோதித்தார்கள். 2014-இல் கோபன்ஹேகனின் யாகப்சென் குழு, உடனடியாகத் தொடங்கும் எடைப் பயிற்சியால் கூடுதல் பலன் இல்லை என்று கண்டது. 2017-இல் கொலராடோவில் பேட், ஸ்டீவன்ஸ்-லேப்ஸ்லி குழு 162 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு அறுவை முடிந்த நாலாம் நாளிலிருந்தே ஏறிக்கொண்டே போகும் எடைகள். மறு பிரிவுக்கு முதல் நான்கு வாரம் இறுக்கிவிடும் பயிற்சியும் மடக்கும் பயிற்சியும் மட்டும். இரு பிரிவுக்கும் 11 வாரத்தில் 26 அமர்வுகள். மூன்றாம் மாதத்திலும் சரி, ஓராண்டிலும் சரி, வித்தியாசம் இல்லை. தொடக்க வாரங்களில் தசைக்குக் கட்டளை தடைபடுவதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1965-இன் செய்தி ஐம்பது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. அதே 2017-இல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த சோதனையில், பத்து நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கியவர்களும் நேரே வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்களும் 26 வாரத்தில் ஒரே தூரம் நடந்தார்கள்.

இந்தியாவில் பயிற்சியின் பெரும் பகுதி எப்போதுமே வீட்டில்தான் நடந்துவந்தது என்பதால் ஆஸ்திரேலிய முடிவு நமக்கு ஆறுதல் தரக்கூடியது. ஆனால் அது என்ன அளவுகோலால் வந்த முடிவு என்பதையும் பார்க்கவேண்டும். கோபன்ஹேகன், ஆஸ்திரேலியச் சோதனைகளின் முதன்மை அளவை ஆறு நிமிட நடை. நுரையீரல், இதய நோயாளிகளுக்காக 1980-களில் சீரானது அது. கொலராடோவில் படியேறும் நேரம். சம்மணமிடவும் குந்தவும் மண்டியிடவும் 111 முதல் 165 பாகை வரை மடக்கு தேவை என்று 2001-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதை இந்த மூன்று சோதனைகளில் எதுவும் முதன்மை அளவாகக் கொள்ளவில்லை. பந்தியில் இலை முன் உட்கார முடியுமா, கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து எழ முடியுமா என்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நோயாளி கேட்கும்போது, மருத்துவர் மேற்கோள் காட்டும் சான்று நடைபாதையில் எடுக்கப்பட்டதாகவே இருக்கிறது.