ஒலித்த பாடல்களின் பட்டியல்: வானொலியிலிருந்து இணையத்துக்கு

ஒலிபரப்பான பாடலின் பெயர், பாடியவர், நேரம் ஆகியவற்றை வானொலி நிலையங்கள் உடனுக்குடன் இணைய இசைச் சேவைகளுக்கு அனுப்பும் வழக்கம் 2000களில் பரவியது. பட்டியல் எழுதும் பழக்கமோ இணையத்தைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. அந்தக் காலத்தில் அது நேயருக்காக எழுதப்படவில்லை, காசுக் கணக்குக்காக எழுதப்பட்டது.

பாடல் எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் சேரவேண்டிய உரிமைத்தொகையை வசூலிக்க பிரிட்டனில் பிஆர்எஸ், அமெரிக்காவில் ஆஸ்காப் என இரண்டு சங்கங்கள் 1914இல் தோன்றின. இசைத்தட்டு நிறுவனங்களுக்காக பிபிஎல் என்ற அமைப்பு பிரிட்டனில் 1934இல் வந்தது. பிரிஸ்டல் நகரத் தேநீர் விடுதி ஒன்று வாடிக்கையாளர்களுக்கு இசைத்தட்டு போட்டது தொடர்பான வழக்கில் இசைத்தட்டு நிறுவனம் வென்றதன் விளைவு அது. எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று தெரியாமல் யாருக்கும் பணம் பிரிக்க முடியாது. ஆகவே பிபிசியில் அன்றன்று ஒலிபரப்பானவற்றைத் தாளில் பதிந்து வைத்தார்கள்.

அமெரிக்காவில் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பில்போர்டு இதழின் தரவரிசை, நிலையங்கள் தாமாகச் சொல்லும் பட்டியலை நெடுங்காலம் நம்பியிருந்தது. சொன்னது ஒன்றும் காற்றில் போனது வேறொன்றுமாக இருக்க இதில் நிறைய இடமுண்டு. 1991 நவம்பரில் ஹாட் 100 வரிசை, ஒலிபரப்பைக் கணினியே கேட்டு அடையாளம் காணும் பிடிஎஸ் முறைக்கு மாறியது. நிலையத்தின் வாய்மொழிக்கு இருந்த மதிப்பு அத்துடன் குறைந்தது.

1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இணைய ஒலிபரப்புக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை விதித்தது. உரிமையாளர்களிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமல், சட்டம் தரும் கட்டாய உரிமம் பெற்று இயங்கும் நிலையம், பாட்டு ஒலிக்கும்போது அதன் பெயரையும் கலைஞரையும் இசைத்தொகுப்பையும் திரையில் காட்ட வேண்டும். ஆனால் அடுத்து வரப்போகும் பாடல்களின் பட்டியலை முன்கூட்டி வெளியிடக் கூடாது. நேயர் காத்திருந்து பதிவுசெய்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். ஒலித்ததைச் சொல்லலாம், ஒலிக்கப்போவதைச் சொல்லக் கூடாது என்ற இந்தக் கோடு, பின்னர் வந்த பட்டியல் சேவைகளுக்கு ஏறக்குறைய எல்லை வகுத்துவிட்டது.

2002இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆடியோஸ்க்ரோப்ளர் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒருவர் கணினியில் கேட்கும் ஒவ்வொரு பாட்டின் விவரத்தையும் அது மையக் கணினிக்கு அனுப்பும். அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய லாஸ்ட்.எஃப்எம் என்ற இணைய வானொலிச் சேவையுடன் 2005இல் இது இணைந்தது. அந்நிறுவனத்தை அமெரிக்க ஊடக நிறுவனமான சிபிஎஸ் 2007இல் 14 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

தனி ஆட்களுக்காகச் செய்த இந்த ஏற்பாட்டுக்குள் வானொலிகள் நுழைந்த விதம் வேடிக்கையானது. பிபிசி 6 மியூசிக் போன்ற நிலையங்கள் அதில் சாதாரணப் பயனர்களைப் போலவே கணக்கு வைத்துக்கொண்டன. ஊணும் உறக்கமும் இல்லாமல் பாட்டுக் கேட்கும் ஒரு ரசிகராக நிலையமே அங்கே தோன்றியது. தம் ரசனையும் அதன் ரசனையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நேயர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நடைமுறைச் சிக்கல்களும் இருந்தன. முப்பது விநாடிக்கு மேற்பட்ட பாடலாக இருந்து, பாதியளவோ நான்கு நிமிடமோ ஓடினால்தான் அது கணக்கில் சேரும் என்பது லாஸ்ட்.எஃப்எம் விதி. தொகுப்பாளர் பாட்டை இடையில் வெட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால் இந்தக் கணக்கு தடுமாறும். ஒலிபரப்புக் கணினியிலிருந்து போகும் பாட்டின் விவரம் தானாகக் கிடைத்துவிடும். தொகுப்பாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்து சுழலவிடும் இசைத்தட்டின் விவரத்தை யாராவது கையால் தட்டச்சு செய்தாக வேண்டும்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரிய தலைவலி. ஒரே பெயரில் பல குழுக்கள் உண்டு, ஒரே குழுவின் பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. பிபிசி இதற்குக் கண்ட தீர்வை இவ்வரலாற்றின் மிக முக்கியமான அடியாகக் கருதலாம். தன்னார்வலர்கள் தொகுத்துவந்த மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் ஒவ்வொரு கலைஞருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 2008இல் பிபிசி தன் கலைஞர் பக்கங்களை அந்த எண்களின் மேல் அமைத்தது. தன் நிலையங்கள் எதை எப்போது ஒலித்தன என்பதையும் அந்தப் பக்கங்களோடு கோத்தது. பெயர் எண்ணானதால் வெளிச் சேவைகள் பட்டியலைக் குழப்பமின்றிப் படிக்க வழி பிறந்தது.

2013 அக்டோபரில் பிளேலிஸ்டர் வந்தது. பிபிசியில் கேட்ட பாட்டைக் குறித்துவைத்து, ஸ்பாட்டிஃபை, டீசர், யூடியூப் ஆகியவற்றில் முழுதாகக் கேட்கும் ஏற்பாடு அது. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் தன் நேயரைத் தானே தனியார் சேவைகளின் வாசலில் கொண்டுபோய் விட்டதாகவும் இதைப் பார்க்கலாம். பிளேலிஸ்டர் என்ற பெயர் சில ஆண்டுகளில் மறைந்தாலும் அந்த வசதி 2018இல் வந்த பிபிசி சவுண்ட்ஸ் செயலியிலும் தொடர்ந்தது. இதற்கிடையே லாஸ்ட்.எஃப்எம் தன் சொந்த வானொலி ஒலிபரப்பை 2014இல் நிறுத்திக்கொண்டது.

ஆனாலும் சேவைகளுக்குப் போய்ச் சேரும் பட்டியலில் ஓட்டைகள் உண்டு. நிலையத்துக்கென்றே பதிவான நேரடி இசை, இன்னும் வெளிவராத மாதிரிப் பதிவு, எந்தச் சேவையிலும் கிடைக்காத பழைய தட்டு ஆகியவை வழியில் உதிர்ந்துவிடுகின்றன. வானொலி வானொலியாக இருப்பது பெரும்பாலும் இவற்றால்தான். சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி நிலையம் தன் நேரடிப் பட்டியலில் பாட்டின் விவரத்துக்குக் கீழே தொகுப்பாளர்கள் எழுதும் குறிப்புகளையும் வெளியிடுகிறது. பாட்டை அங்கிருந்து ஸ்பாட்டிஃபைக்குத் தேடிப் போகும் நேயருக்கு அந்தக் குறிப்பு அங்கே கிடைப்பதில்லை.