தாயை இழந்த பிள்ளை எழுதிய தாய்மாரின் பாட்டு: போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கி

போலந்தின் தெற்கு எல்லையில், தத்ரா மலைகளின் அடிவாரத்தில் சக்கோபானே என்ற சிறு நகரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த ‘பேலஸ்’ என்ற விடுதியை ஜேர்மன் இரகசியப் பொலிஸான கெஸ்டாபோ சிறையாகவும் சித்திரவதைக்கூடமாகவும் மாற்றியிருந்தது. அதன் கீழறைகளில் அடைக்கப்பட்டவர்கள் சுவர்களில் தங்கள் கடைசிச் சொற்களைக் கீறி வைத்தார்கள். அவற்றில் ஒன்று, ஹெலனா வாண்டா என்ற பெண் எழுதியது. தனக்கு வயது 18 என்றும், 1944 செப்டெம்பர் 26 முதல் தான் அங்கு அடைபட்டிருப்பதாகவும் அவள் குறித்திருந்தாள். அதற்கு மேலே, அழவேண்டாம் என்று தன் அம்மாவைக் கேட்டிருந்தாள். எப்போதும் துணையிருக்கும்படி விண்ணரசியான மாதாவையும் வேண்டியிருந்தாள்.

பல ஆண்டுகளுக்குப் பின் இந்த வரிகளைக் கண்டவர் போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் மிக்கோவாய் குரெட்ஸ்கி. மற்றச் சிறைச்சுவர்களில் ‘நான் நிரபராதி’ என்றும் ‘கொலைகாரர்’ என்றும் பெரியவர்கள் கத்தியிருக்க, இந்தப் பிள்ளை பழிவாங்கவும் கேட்கவில்லை, தன்னை நினைத்தும் அழவில்லை, தாயின் துயரத்தை மட்டுமே நினைத்தாள் என்பதுதான் தன்னை உலுக்கியது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த வரிகளை நடுவில் வைத்து 1976இல் அவர் எழுதிய மூன்றாவது சிம்பொனியின் பெயர் ‘துயரப் பாடல்களின் சிம்பொனி’.

எனக்கு மேற்கத்தேய சாஸ்திரிய இசையில் முறையான பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் செத்தவீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காது இருக்கிறது. இந்தச் சிம்பொனியை எனக்குத் திறந்துவிட்டது அந்தக் காதுதான். எனவே குரெட்ஸ்கியின் வாழ்க்கையையும், அவர் எங்கிருந்து எதை எடுத்தார் என்பதையும் எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1933 டிசெம்பர் 6இல், சிலேசியா நிலக்கரிப் பிரதேசத்தில், ரிப்னிக் நகருக்கு அருகிலுள்ள செர்னிட்சா என்ற கிராமத்தில். தந்தை புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்தவர். தாய் பியானோ வாசிப்பார். குரெட்ஸ்கியின் இரண்டாவது பிறந்தநாள் அன்றே அந்தத் தாய் இறந்துபோனார். பிறகு மாற்றாந்தாய் வந்தார். வீட்டில் இருந்த அம்மாவின் பியானோவைத் தொடக்கூட மகனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சின்ன வயதில் விழுந்து இடுப்பு எலும்பு விலகியது, சரியான நேரத்தில் வைத்தியம் நடக்கவில்லை. தொடர்ந்து சத்திரசிகிச்சைகள், நீண்டகால வைத்தியசாலை வாசம். வாழ்நாள் முழுவதும் அந்த உபாதை அவரைவிட்டுப் போகவில்லை. அவருக்கு ஐந்து வயது முடிந்து ஆறாவது நடக்கும்போது போர் வந்தது. சிலேசியாவில் இருந்து அவுஷ்விட்ஸ் வதைமுகாம் தூரமில்லை. போர் முடிந்த கையோடு பாடசாலைப் பிள்ளையாக அங்கே போய்வந்த நினைவு அவரிடம் கடைசிவரை இருந்தது.

இசை அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. கிராமத்துப் பாடசாலையொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே ரிப்னிக் இசைப் பாடசாலையில் சேர்ந்தார். 1955இல் கத்தோவிட்சே நகரின் உயர் இசைக் கல்லூரிக்குப் போகும்போது அவருக்கு 21 வயது. அங்கே அவருடைய ஆசிரியர் போலெஸ்வாவ் சபெல்ஸ்கி. சபெல்ஸ்கியோ கரோல் சிமனோவ்ஸ்கியின் மாணவர். இந்தக் குரு பரம்பரை முக்கியமானது. சிமனோவ்ஸ்கிதான் தத்ரா மலைவாசிகளின் கரடுமுரடான வயலின் இசையையும் பழைய தேவாலயப் பாடல்களையும் நவீன போலந்து இசைக்குள் கொண்டுவந்தவர். பேரன் முறையான மாணவனுக்கு அந்தச் சொத்து போய்ச்சேர்ந்தது. ஆனால் அதைச் செலவழிக்க அவர் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டார்.

ஏனென்றால் முதலில் அவர் எழுதியது பேரிரைச்சல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்டாலின் காலத்துப் போலந்தில் இசை எப்படி இருக்கவேண்டும் என்பதை அரசு தீர்மானித்தது: தொழிலாளிக்கு விளங்கவேண்டும், நம்பிக்கை ஊட்டவேண்டும், நாட்டுப்பாடல் வாசனை இருக்கவேண்டும். ஸ்டாலினுக்குப் பின் பிடி தளர்ந்தபோது, 1956இல் ‘வார்சோ இலையுதிர்காலம்’ என்ற புதிய இசை விழா தொடங்கியது. அந்த மேடையில் காதைக் கிழிக்கும் ஒலி எழுப்புவதே சுதந்திரம்தான். 1960இல் அங்கே அரங்கேறிய குரெட்ஸ்கியின் ‘ஸ்கொன்ட்ரி’ விழாவையே அதிரவைத்தது. அந்தப் பெயருக்கு ‘மோதல்கள்’ என்று பொருள். அந்தக் காலத்தில் போலந்தின் மிகத் துணிச்சலான இளம் இசையமைப்பாளர் யார் என்ற பேச்சில் அவர் பெயரும் கிரிஸ்டொப் பெண்டெரெட்ஸ்கியின் பெயரும் சேர்ந்தே அடிபட்டன.

பிறகு மெல்ல மெல்லச் சுரங்கள் குறைந்தன. 1963இல் ‘பழைய பாணியில் மூன்று துண்டுகள்’, அறுபதுகளின் இறுதியில் ‘பழைய போலந்து இசை’ என்று மத்தியகால, மறுமலர்ச்சிக்கால மெட்டுகளுக்குத் திரும்பினார். 1971இல் ‘அட் மாத்ரெம்’, அதாவது ‘தாய்க்கு’. தன் அம்மாவின் நினைவுக்கு அவர் சமர்ப்பித்த படைப்பு அது. 1973இல் பாரிஸில் யுனெஸ்கோ சார்பில் நடந்த இசையமைப்பாளர் அரங்கில் அதற்கு முதலிடம் கிடைத்தது. இந்த மாற்றத்தைப் பின்வாங்கல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சி விரும்பிய நாட்டுப்பாடலில் சிரிப்பு இருந்தது. இவர் தேடிப் போன நாட்டுப்பாடலிலும் செபத்திலும் மரணம் இருந்தது. 1960இல் இரைச்சல் எவ்வளவு துணிச்சலோ, கம்யூனிச ஆட்சியின் நடுவே 1976இல் மாதாவின் புலம்பலுக்கு இசையமைப்பதும் அவ்வளவு துணிச்சல்.

இனி அந்தச் சிம்பொனிக்குள் போவோம்.

மொத்தம் மூன்று பகுதிகள், மூன்றும் மெதுவான நடை, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு பெண் குரல். வாத்தியக்குழுவில் ட்ரம்பெட் இல்லை, ஓபோ இல்லை, பறை முரசு எதுவும் இல்லை. முதல் பகுதியின் ஆரம்பத்தைக் கேட்டு ஒலிப்பதிவு பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மிகக் கீழ்ச்சுருதியில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில், டபுள் பேஸ் வாத்தியங்கள் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. அது முடிந்ததும் அதே மெட்டை ஐந்து சுரம் மேலே இன்னொரு குழு எடுக்கிறது. முதல் குழுவும் நிறுத்துவதில்லை. பிறகு மூன்றாவது, நான்காவது. செத்தவீட்டில் ஒருத்தி தொடங்க, பக்கத்தில் இருப்பவள் அதே இராகத்தில் சேர, வாசலால் வருபவள் தலையில் கைவைத்தபடி இன்னும் உயரத்தில் சேர்வதை நினைத்துப் பாருங்கள். மேற்கத்தேய இசையில் இந்த முறைக்குக் கெனன் என்று பெயர். பல நூற்றாண்டுப் பழைய உத்தி இது. குரெட்ஸ்கி அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார்.

பெண் குரல் வருவதற்குப் பதின்மூன்று நிமிடம் அளவில் செல்கிறது. அவள் பாடுவது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு புலம்பல். சிலுவையில் சாகும் மகனிடம், உன் காயங்களை என்னோடு பங்கிடு என்று மரியாள் கேட்கிறாள். தவக்காலத்தில் பசாம் கேட்டு வளர்ந்த எங்களில் பலருக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. அவள் பாடி முடிந்ததும் கெனன் திரும்பி வந்து, ஏறிய படிகளிலேயே இறங்கி, மறுபடியும் டபுள் பேஸின் ஆழத்தில் அடங்குகிறது.

இரண்டாவது பகுதிதான் சிறைச்சுவரின் வரிகள். மலைநாட்டுக் காற்றுப்போல வெளிச்சமான ஒரு தொடக்கம், உடனே இருட்டு. ஒன்பது, பத்து நிமிடம்தான்.

மூன்றாவது பகுதி சிலேசியாவின் ஒபோலே பிரதேசத்து நாட்டுப்பாடல். 1919 முதல் 1921 வரை சிலேசியாவில் நடந்த எழுச்சிகளில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பாடுகிறாள். அவன் கொல்லப்பட்டுவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். எங்கே கிடக்கிறான் என்பது தெரியாது. கேட்காத ஆளில்லை. ஏன் கொன்றீர்கள் என்று கொன்றவர்களைக் கேட்கிறாள். இறுதியில், தன்னால் கண்டுபிடிக்கமுடியாத அந்தக் குழியைச் சுற்றிப் பறவைகள் பாடட்டும், பூக்கள் பூக்கட்டும் என்கிறாள். இதற்குக் கீழே இரண்டே இரண்டு சுரக்கட்டுகள் தாலாட்டுத் தொட்டில்போல மாறிமாறி ஆடுகின்றன. அந்தச் சுரக்கட்டுகள் ஷோபேனின் ஒரு மசூர்க்காவிலிருந்து வந்தவை. எந்த இடத்தில் ஒப்பாரி நின்று தாலாட்டுத் தொடங்கியது என்று எத்தனையோ தடவை கேட்டும் என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியோரம் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அம்மாமாரின் ஊரிலிருந்து கேட்கும்போது, இந்தப் பகுதியை ‘வெளிநாட்டு இசை’ என்று ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

1977 ஏப்ரலில் பிரான்ஸின் ருவாயான் விழாவில் முதல் நிகழ்ச்சி. பாடியவர் ஸ்டெபானியா வொய்டோவிச். நவீன இசைக்காரர்கள் நிறைந்த சபை அது. முடிவில் ஒரே மேஜர் சுரக்கட்டு 21 தடவை திரும்பத் திரும்ப ஒலித்தபோது, பக்கத்தில் இருந்த பிரபல பிரெஞ்சு இசைஞர் ஒருவர் கெட்டவார்த்தை சொன்னதாகக் குரெட்ஸ்கியே பின்னர் சிரித்தபடி நினைவுகூர்ந்தார். விமர்சகர்களில் பலரும் கைவிரித்தார்கள். பதினைந்து வருடம் அந்தப் படைப்பு பெரும்பாலும் போலந்துக்குள்ளேயே உலாவியது.

இதற்கிடையில் அவருடைய சொந்த வாழ்க்கை அரசோடு முட்டியது. கத்தோவிட்சே இசைக் கல்லூரியின் அதிபராக 1975 முதல் இருந்தவர், 1979இல் பதவியை விட்டார். அதே வருடம், முன்பு கிராகோவ் கர்தினாலாக இருந்த கரோல் வொய்த்தீவா, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பராகத் தாய்நாட்டுக்கு வந்தபோது, அவர் கர்தினாலாக இருந்து கேட்டிருந்த ‘பெயாத்துஸ் வீர்’ என்ற படைப்பைக் குரெட்ஸ்கி கிராகோவில் அவர் முன்னிலையில் தானே நடத்தினார். 1981 மார்ச்சில் பிட்கோஷ்ச் நகரில் கிராமிய சொலிடாரிட்டி இயக்கத்தினரைப் பொலிஸார் அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பதிலாக அவர் எழுதியது ‘மிசெரேரே’. வாத்தியமே இல்லாத பாடகர் குழு, அரை மணித்தியாலத்துக்கு மேல், மொத்தம் ஐந்து இலத்தீன் சொற்கள். ஆண்டவரை அழைக்கும் மூன்று சொற்களையே கிட்டத்தட்ட முழு நேரமும் பாடுகிறார்கள். இரக்கம் கேட்கும் இரண்டு சொற்கள் கடைசியில்தான் வருகின்றன. அந்த வருட முடிவில் இராணுவச் சட்டம் வந்தது. 1987 வரை அது மேடையேறவில்லை. என்னைக் கேட்டால், மூன்றாவது சிம்பொனிக்கு அடுத்ததாகக் கேட்கவேண்டியது இதுதான்.

உலகப் புகழ் வந்தது 1992இல். டோன் அப்ஷோ பாட, டேவிட் ஸின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசித்த இறுவட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பிரித்தானியாவில் பொப் பாடகர்களும் இடம்பெறும் பொது விற்பனைப் பட்டியலிலேயே 6ஆம் இடத்துக்குப் போனது. உயிரோடிருக்கும் ஒரு சாஸ்திரிய இசையமைப்பாளருக்கு இது கேள்விப்படாத விடயம். ஆனால் வானொலிகள் பெரும்பாலும் ஒலிபரப்பியது இரண்டாவது பகுதியைத்தான். வேலை முடிந்து களைத்து வருபவரை ஆற்றுகிற இசையாக அது பரவியது. சிறைச்சுவர் காணாமல் போனது. மறுபக்கம், டோனி பாமர் 1993இல் எடுத்த ஆவணப்படம் வதைமுகாம் காட்சிகளை அதன்மேல் போட்டது. குரெட்ஸ்கி இந்த இரண்டுக்கும் உடன்படவில்லை. தன் சிம்பொனி போரைப் பற்றியதோ இன அழிப்பைப் பற்றியதோ அல்ல, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிரிவைப் பற்றியது என்றே சொல்லிவந்தார்.

நீண்டகாலம் இந்த மறுப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. கெஸ்டாபோ சிறையின் சுவரைப் பாட்டாக்கிவிட்டு, போரைப் பற்றியதல்ல என்று எப்படிச் சொல்லலாம்? இப்போது ஓரளவு விளங்குகிறது. மூன்று பாடல்களும் மூன்று வேறு காலம். கொன்றவர்களும் வேறுவேறு. கொன்றவரின் பெயரை முன்னால் வைத்தால் பாட்டு அவருடையதாகிவிடும். அவர் அந்த இடத்தைத் தாய்க்குக் கொடுத்தார். இரண்டு வயதில் தாயை இழந்தவருக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம். குற்றத்தை விசாரிப்பது இன்னொரு வேலை, அதை இசை செய்து முடிக்காது என்பதும் உண்மை.

புகழ் வந்தபின் இன்னொரு துயரச் சிம்பொனியை எழுதித் தரும்படி எதிர்பார்த்தவர்களை அவர் ஏமாற்றினார். குரோனோஸ் நால்வர் குழுவுக்காக மூன்று நால்வாத்தியப் படைப்புகள் எழுதினார். அவற்றில் மலைவாசிகளின் முரட்டு நடனம் அடிக்கடி வந்து குதிக்கும். மூன்றாவதை 1995இல் எழுதி முடித்துவிட்டுப் பத்து வருடம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பார். சக்கோபானேக்கு அருகில் மலைக்கிராமம் ஒன்றில் வீடு வாங்கி, அந்த ஊர் வயலின்காரர்களோடு பழகி வாழ்ந்தார்.

2010 நவம்பர் 12இல் கத்தோவிட்சேயில் அவர் இறந்தபோது நான்காவது சிம்பொனி முழுமையான வாத்திய எழுத்தாக இன்னும் மாறவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தவர் அவருடைய மகன் மிக்கோவாய். அவரும் இசையமைப்பாளர். 2014 ஏப்ரலில் லண்டனில் அது முதல்முறையாக ஒலித்தது.