விண்ணப்பப் படிவம் கேளாத தகுதி

சென்ற ஆண்டு, மாதா வணக்க மாதமாகிய மே மாதத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள் நம் பங்கு இல்லத்திற்கு வந்தாள். வரலாற்றில் இளங்கலை முடித்தவள்; குடும்பத்தில் முதல் பட்டதாரி. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் முதுகலைப் படிப்பிற்கான விண்ணப்பத்தை நம்முன் வைத்து, நன்னடத்தைச் சான்று கேட்டாள். கூடவே, “சாமி, இந்தப் படிப்பிற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா?” என்றும் கேட்டாள்.

படிவத்தைப் பார்த்து உடனே விடை சொல்லிவிட்டோம். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம். மதிப்பெண், மாற்று, சாதிச் சான்றிதழ்கள். சில இடங்களில் நுழைவுத் தேர்வும் நேர்காணலும். சேர்ந்தபின் இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். தொடர்பியல் கோட்பாடு, செய்தி எழுதுதல், ஊடகச் சட்டமும் அறமும், ஆய்வு முறை ஆகியவற்றோடு ஊடக நிறுவனமொன்றில் பயிற்சியும் இறுதியில் ஆய்வேடும் உண்டு. அவ்வளவுதான். ஆனால் அவள் சென்றபின், விடை அத்துடன் முடிந்ததா என்னும் ஐயம் நம்மைவிட்டு அகலவில்லை.

தொடர்பியலுக்குப் பட்டம் என்பது அண்மைக் கால வழக்கமே. அமெரிக்காவின் மிசௌரியில் 1908-இலும் கொலம்பியாவில் 1912-இலும் இதழியல் பள்ளிகள் எழுந்தன. நம் நாட்டில் 1941-இல் லாகூரிலும், 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் கல்வி தொடங்கியது. 1965-இல் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் பிறந்தது. மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகமே 1966-இல்தான் வாய்த்தது. 1978-இல் அது காமராசர் பெயரைத் தாங்கியது. அதற்கு முன்னரும் இம்மண்ணில் செய்தி அறிவித்தோர் இருந்தனர். அவர்களிடம் இருந்த தகுதி யாது?

1578-இல் அண்ட்ரிக் அடிகளார் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிட்டார். முத்துக்குளித்துறை மக்களோடு பல்லாண்டு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றபின்பே அச்சு அவருக்குப் பயன்பட்டது. கருவி பின்னர் வந்தது. மொழி முன்னர் வந்தது.

மதுரையின் படிப்பினை இன்னும் கூர்மையானது. கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் 1595 முதல் இங்கே பணிபுரிந்தார். பக்தியிலும் உழைப்பிலும் குறைவற்றவர். நோயுற்றோர்க்கு மருந்தகமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். ஆயினும் பதினொரு ஆண்டுகளில் மதுரை மக்கள் எவரும் அவர் வழியாகத் திருமுழுக்குப் பெறவில்லை. அவர் ஏசுவைப் பேசினார். மக்கள் காதிலோ ‘பரங்கி மார்க்கம்’ என்றே விழுந்தது. 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி, அச்சொல்லுக்கு மக்கள் என்ன பொருள் கொள்கின்றனர் என்று முதலில் கேட்டறிந்தார். தமிழ் கற்றார், நாயக்கர் அவையின் மொழியாகிய தெலுங்கு கற்றார், சிவதர்மர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து வடமொழி பயின்றார். அவர் முறைக்கு எதிராகத் திருச்சபைக்குள்ளேயே வழக்கு மூண்டது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை அம்முறைக்கு இசைவளித்தபின் ஓய்ந்தது.

எனினும் உண்மையை மறைத்தல் தகாது. உயர்குடியினரின் சொல்லை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட அவர், அவர்களை அணுகும் பொருட்டுச் சாதிப் பிரிவினையையும் ஏற்று நடந்தார். ஒடுக்கப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழகுதற்கென 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பிரிவினர் தேவைப்பட்டனர். அப்பிளவின் வடு நம் ஆலயங்களில் நெடுங்காலம் நீடித்தது. யாருடைய குரலைக் கேட்கிறோம் என்பதோடு, யாருடைய குரலைக் கேளாது விடுகிறோம் என்பதையும் தொடர்பாளன் தன்னிடம் கேட்டாக வேண்டும்.

பின்னாளில் இதே நகரம் இருவகை இதழ்களை ஈன்றது. நான்காம் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902-இல் புலவர்களுக்காக மலர்ந்தது. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர், தேநீர்க் கடையில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டறியும் எளிய நடையை நாளிதழுக்குத் தந்தார். புலமையும் எளிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல; யாரிடம் பேசுகிறோம் என்பதை இரண்டுமே அறிந்திருந்தன.

இதனால் பட்டம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் இத்துறையில் முறையான பயிற்சி பெறவேண்டும் என வலியுறுத்துகிறது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. செய்தியைச் சரிபார்க்கவும் சட்டத்தை அறியவும் கருவியைக் கையாளவும் கற்றாக வேண்டும். 1971-இல் வந்த ‘ஒற்றுமையும் வளர்ச்சியும்’ என்னும் ஏடோ கிறிஸ்துவையே நிறைவான தொடர்பாளராகக் காட்டுகிறது. கேட்போருள் ஒருவராகத் தம்மை ஆக்கிக்கொண்டபின் அவர் பேசினார் அல்லவா?

மறுநாள் கையொப்பம் பெற வந்தவளிடம், ஏன் இப்படிப்பு என்று கேட்டோம். “எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வராததை வெளியூரார் வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள், சாமி. எங்களுள் ஒருவருக்கு எழுதத் தெரிய வேண்டாமா?” என்றாள். படிவத்தில் இதற்கு இடமில்லை. எனினும் முதல் தகுதி இதுவே என்று கண்டு, கையொப்பமிட்டோம்.

இன்று அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. பாடத்திற்காகத் தன் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யச் சென்றபோது, இரண்டு நாள் ஒரு மூதாட்டியின் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாளாம். மூன்றாம் நாளில்தான் அவர் வாய் திறந்தாராம். அந்த இரண்டு நாளுக்கு மதிப்பெண் இல்லை.

நம் பங்குகளில் இத்தகைய மக்கள் இன்னும் உள்ளனர். விழாக் கொடிக்கும் வாணவேடிக்கைக்கும் நாம் திரட்டும் பணத்தில் ஒரு பகுதி, ஆண்டிற்கு ஒருவரின் படிப்புக் கட்டணமாகட்டும். அவர்களுக்குத் தகுதி உண்டு. துணை நிற்கும் பொறுப்பு நம்முடையது.