ராட்டினம் (தூத்துக்குடித் திருவிழா)

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயப் பெருவிழா ஜூலை 26 கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை நடைபெறும். முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களிலிருந்து திரளும் கூட்டத்தை நம்பி ராட்டினக்காரர்களும் வருவார்கள்.

பழைய வகைகள் இரண்டு. தொட்டில் ராட்டினத்தில் நான்கு மரத்தொட்டில்கள் மேலும் கீழும் சுற்றும்; குடை ராட்டினத்தில் மரக்குதிரைகள் தொங்கும். இரண்டையும் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். மின்சாரம் வேண்டாம், கழற்றினால் ஒரு சிறு வண்டியில் அடங்கிவிடும். 1893 சிகாகோ கண்காட்சியில் பொறியாளர் ஃபெரிஸ் நிறுவிய 80 மீட்டர் சக்கரத்தின் வழிவந்த ஜெயண்ட் வீலுக்கோ லாரிகள், ஜெனரேட்டர், பாதுகாப்புச் சான்றுகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமுதல் தேவை. போட்ட பணத்தைச் சில இரவுகளில் எடுத்தாக வேண்டும் என்பதால், கூட்டம் நெரியும் இடம் பெரும்பாலும் அதற்கே போகிறது.

பழைய கேளிக்கைச் சாதனங்களுக்கு அரசின் காப்பு கிடைப்பதும் உண்டு: ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலுள்ள லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவில் 1912இல் ஓடத் தொடங்கிய மரத் தண்டவாள ரயில் அரசின் மரபுப் பட்டியலில் உள்ளது. நம் மரராட்டினத்துக்கு அப்படியொரு காப்பு இல்லை. அது பிழைத்திருப்பது மரபுப் பற்றால் அன்று, செலவு குறைவு என்பதால்தான். ஜெயண்ட் வீலில் ஏற அஞ்சும் சிறு குழந்தைகளே இன்று அதன் வாடிக்கையாளர்கள்.