வைத்தியக் கல்லூரிப் பிரவேசமும் பாடப்புறப் பணிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர், சர்வகலாசாலைப் பட்டப்படிப்பின் பெரும்பகுதியையும் எம்காட் என்னும் பிரவேசப் பரீட்சையையும் கடந்து விண்ணப்பம் எழுத அமரும்போது, பெற்ற மதிப்பெண்களை மட்டுமன்றி, வகுப்பறைக்கு வெளியே தாம் செலவிட்ட காலத்தையும் விவரித்துக் காட்ட வேண்டியவராகிறார். மருத்துவமனைத் தொண்டு, வைத்தியரின் அன்றாட வேலையை உடனிருந்து கண்டறிதல், ஆராய்ச்சி, சமூக சேவை, சங்கப் பொறுப்பு, சங்கீதம், விளையாட்டு, கூலிக்குச் செய்த உத்தியோகம் ஆகிய யாவும் இதில் அடங்கும். பரீட்சையின் தரவரிசையைக் கொண்டே பெரும்பாலும் இடம் நிர்ணயமாகும் நம் நாட்டு முறையில் பழகி, அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு இது முதலில் விளங்காத விஷயமாகத் தோன்றுவது இயல்பே.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் தோன்றியதன்று. 1893இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களையே சேர்ப்பது என்று விதித்தபோது அது அந்நாட்டில் அபூர்வமான கண்டிப்பாக இருந்தது. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் வெளியிட்ட அறிக்கை, அக்கண்டிப்பு எங்கும் பரவ வழிசெய்தது. சேர்ந்த மாணவர்களில் கணிசமானோர் இடையிலேயே நின்றுவிடுவதைத் தடுக்கும் பொருட்டு 1928இல் பொதுவான தகுதித் தேர்வு ஒன்று வந்தது. இன்றைய எம்காட் அதன் வழிவந்ததே. எனினும், படிப்பைத் தாங்குவார் யார் என்பதைத் தேர்வு ஒருவாறு காட்டிற்றேயன்றி, நோயுற்றவன் அருகே பொறுமையோடு நிற்கக்கூடியவர் யார் என்பதைக் காட்டவில்லை. ஆண்டுதோறும் 50,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க, அவர்களில் ஏறக்குறையப் பத்துக்கு நால்வரே இடம் பெறும் நிலையில், உயர்ந்த மதிப்பெண் உடையவர்களுக்குள்ளேயே தெரிந்தெடுக்க வேண்டிய கடமை கல்லூரிகளுக்கு ஏற்பட்டது. மதிப்பெண், குணம், அனுபவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சீர்தூக்கும் முறையை அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் இன்று வற்புறுத்துகிறது.

அச்சங்கம் நடத்தும் பொது விண்ணப்பத்தில் பணிகளுக்கென்று தனிப்பகுதி உண்டு. அதில் 15 பணிகள் வரை குறிக்கலாம். ஒவ்வொன்றையும் இடைவெளிகள் உட்பட 700 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். அவற்றுள் மிக முக்கியமானவை என மூன்று வரை தாமே தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மேலும் 1,325 எழுத்துகள் எழுதலாம். இந்த அமைப்பைச் சற்று ஊன்றி நோக்கினால், கல்லூரிகள் எதிர்பார்ப்பது என்னவென்பது தெளிவாகும். விரிவாக எழுத இடம் தரப்படுவது மூன்றுக்குத்தான். ஆகவே பதினைந்து வரிசைகளையும் எவ்வாறாயினும் நிரப்பிவிட வேண்டும் என்று அலைவது வீண் சிரமம். இரண்டு வாரம் ஒரு சங்கம், ஒரு மாதம் ஒரு முகாம் என்று சேர்த்து வைத்தவரைவிட, ஒரே சிகிச்சை நிலையத்துக்கு வாரந்தோறும் இரண்டாண்டு தவறாமல் சென்றவருக்கே அந்த 1,325 எழுத்துகளில் சொல்லத்தக்க பொருள் இருக்கும்.

பணிகளுள் முதன்மையானது நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் அனுபவம். இதற்குப் பல வாயில்கள் உள்ளன. செவிலியருக்கு உதவியாளராகச் சான்றிதழ் பெற மத்திய அரசின் சட்டப்படி குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி வேண்டும். பெற்றபின் முதியோர் இல்லங்களில் உணவூட்டுதல், நீராட்டுதல், படுக்கை மாற்றுதல் முதலிய பணிகள் கிடைக்கும். அவசர ஊர்தியில் பணியாற்ற விரும்புவோர் அதைவிட நீண்ட பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் பதியும் முறை, 2009ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த ஊக்கத்தால் வேகமாகப் பரவியபின், வைத்தியர் நோயாளியிடம் பேசுகையில் அருகிருந்து குறிப்பெழுதும் ‘ஸ்கிரைப்’ வேலை பெருகிற்று. நோயின் வரலாற்றை வைத்தியர் எவ்வாறு கேட்டறிகிறார், எதைக் கொண்டு எதை விலக்குகிறார் என்பதை நாள்தோறும் கேட்டுப் பழக இதைவிட நல்ல இடம் மாணவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இவற்றுள் நான் விசேஷமாக மதிப்பது, மரணத்தை எதிர்நோக்கியிருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் தொண்டு. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய இல்லத்தின் முன்மாதிரியைப் பின்பற்றி, 1974இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கி வளர்ந்த இவ்வமைப்புகள், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேரின் நிதியைப் பெற வேண்டுமானால், நோயாளிகளுக்கான மொத்தப் பணிநேரத்தில் நூற்றுக்கு 5 பங்கேனும் தொண்டர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்பது விதி. ஆகையால் அங்கே தொண்டர் வேண்டாத மிகைப்பட்ட ஆளல்லர். அமைப்பின் ஓர் அங்கமே ஆவார். குணப்படுத்த முடியாத ஒருவர் அருகே அமர்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும் அவரை விட்டு அகலாமல் இருக்கக் கற்றுக்கொள்வது, எந்தப் பாடநூலும் தராத சிக்ஷை. அதைத் தம்மால் தாங்க முடியவில்லை என்று ஒரு மாணவர் அங்கே கண்டுகொண்டாலும், வைத்தியக் கல்லூரியில் பெருங்கடன் பட்டபின் கண்டுகொள்வதைவிட அது எவ்வளவோ மேலானது.

வைத்தியரைப் பின்தொடர்ந்து பார்த்தறியும் ‘ஷாடோயிங்’ இதனின்று வேறானது. அதில் மாணவர் செய்வது எதுவுமில்லை, காண்பது மட்டுமே. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் காரணமாகப் பல மருத்துவமனைகள் முன்னனுமதியும் உறுதிமொழியும் கேட்கும். குடும்ப வைத்தியர் ஒருவரையும் வேறு துறை நிபுணர் ஒருவரையும் சில நாட்கள் கண்டறிந்தாலே இதன் பிரயோஜனம் பெரும்பாலும் கிட்டிவிடும். தந்தையோ மாமனோ வைத்தியராக இருக்கும் மாணவர், அவரிடமே நின்றுவிடாமல் அறிமுகமற்ற ஒருவரையும் அணுகுவது உத்தமம்.

நோயோடு சம்பந்தமில்லாத சேவையையும் கல்லூரிகள் பெரிதும் கவனிக்கின்றன. ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையம், குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பு, சிறைவாசிகளுக்குக் கல்வி போன்றவை, தம்மினும் வேறான வாழ்க்கை உடையவரிடம் பழகும் பக்குவத்தைக் காட்டும். குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு மளிகைக் கடையில் இரவு வேலை செய்தவர் அதை மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்திலேயே ஊதிய வேலைக்கென்று பிரிவு இருக்கிறது, அதைத் தயங்காமல் எழுதுவதே நேர்மை. ஆராய்ச்சி எல்லோருக்கும் இன்றியமையாததன்று. ஆனால் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1964 முதல் ஆதரித்துவரும், வைத்தியப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒருங்கே அளிக்கும் திட்டத்தை நாடுவோர்க்கு அதுவே ஆதாரம். வீணையும் ஓவியமும் வீண் என்று கருதுவதும் தவறு. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் கல்லூரி 1987 முதல் இலக்கியம், சரித்திரம் முதலியன கற்கும் மாணவர்களை எம்காட் இல்லாமலே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தது. அவ்வாறு சேர்ந்தவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்காமல் தேறினர்.

ஒரு பணியைப் பற்றி மட்டும் கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் கட்டி ஏழைநாடு ஒன்றுக்குச் சென்று, தம் நாட்டில் செய்ய அனுமதியில்லாத காரியங்களை, பயிற்சியில்லாமலே தையலிடுதல், பல் பிடுங்குதல், பிரசவத்தில் கைவைத்தல் ஆகியவற்றை, அங்கே செய்துவிட்டு வரும் வழக்கம் மாணவரிடையே பரவியிருந்தது. இது நோயாளிக்குத் தீங்கு. செய்தவரின் விவேகத்துக்கும் மாசு. வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் 2011இல் வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய செயல் விண்ணப்பத்துக்கு வலுச்சேர்ப்பதற்குப் பதிலாகக் கெடுத்துவிடக்கூடும் என எச்சரித்தன.

எழுதிய ஒவ்வொரு பணிக்கும் அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் கேட்கப்படும். நேர்முகத்தில் எந்த வரியைப் பற்றியும் கேள்வி எழலாம். கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் உருவாகிப் பல கல்லூரிகள் மேற்கொண்டிருக்கும் பல்நிலை நேர்முகத்திலோ, விண்ணப்பதாரர் அறை அறையாகச் சென்று, சில நிமிஷங்களே தரப்படும் தர்மசங்கடமான சந்தர்ப்பங்களுக்கு விடை கூற வேண்டும். தொண்டில் உண்மையாக உழன்றவருக்கு அங்கே உதாரணங்கள் தாமாகவே நாவில் வரும். விண்ணப்பித்தபின் செய்யவிருக்கும் மணிநேரங்களையும் முன்மதிப்பாகக் குறிக்க இடமுண்டு. பட்டம் பெற்ற உடனே விண்ணப்பிக்காமல், ஓரிரு ஆண்டுகளை மருத்துவமனை வேலையிலோ ஆய்வுக்கூடத்திலோ கழித்துவிட்டு வருவோர் இன்று மிகப் பலர். ஆதலின் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு முடியும்வரை நோயாளி ஒருவரையும் அணுகாத மாணவர், விடுமுறை ஒன்றில் அனைத்தையும் திணித்துக்கொள்வதைவிட, விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைப்பதே சரியான வழி.