பேதையர் யார்?

பேதைமை எதுவென்று வள்ளுவரைக் கேட்டால், கேட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊதியத்தை நழுவவிடுவதே என்பார். இவ்விலக்கணம் படித்தவருக்கும் பொருந்தும். 1511இல் 'மடமையின் புகழுரை'யை வெளியிட்ட எராஸ்மசும் அறிஞர்களையும் குருமாரையும் அரசர்களையுமே கூர்மையாக நையாண்டி செய்தார். அந்தக் கண்கொண்டு எமது ஊவா மலைகளைப் பார்ப்போமா, நேயர்களே?

எல்லயிலிருந்து பதுளை வரை இன்று தேயிலை தெரிகிறது. அதற்கு முன் ஊவாவை ஆண்டது கோப்பி. 1869இல், பதுளைக்கு அப்பாலுள்ள மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் ஆபத்தை எடுத்துச் சொன்னார். ஆனால் கோப்பிக்கு நல்ல விலை. துரைமார் காட்டை அழித்து மேலும் கோப்பியையே நட்டனர். 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட், காற்றில் பரவும் பூஞ்சண வித்துகளுக்கு, இடைவெளியின்றி நட்ட கோப்பியே வழிதிறந்தது என விளக்கினார். காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. தொழிலாளருக்கோ சம்பளம் பாக்கி.

இதனைப் பேதைமை என்று எவரும் சொல்லவில்லை. 'கோப்பியின் வீழ்ச்சி' என்றே எழுதினர். பேதையர் என்ற பெயர் வேறொருவருக்கு வாய்த்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தையை நம்பிக் கடல் கடந்த கூலிகளைச் சொல்லித்தான் ஊர் சிரித்தது.

அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பியவை பஞ்சமும் கடனும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவற்றுள் கொடியது. வயிறு காய்ந்தவன் தேங்காயை நம்பியதும், வயிறு நிறைந்தவன் எச்சரிக்கையை நம்பாததும் ஒன்றாகுமா?

ஏமாந்த கதையை அம்மக்களே பாட்டாக்கிச் சிரித்தனர். மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டுக்கு ஊதியம் தேடித் தந்த கைகளையே நாடு உதறியது. வள்ளுவர் சொன்ன பேதைமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

யார் மடமை செய்தாலும் விலை கொடுத்தவர்கள் லயத்து மக்களே. தாம் ஏமாந்ததை அறிந்து, அதைப் பாடவும் தெரிந்தவர்களைப் பேதையர் என்பது தகுமா? அந்தப் பாடல்களைக் கேட்டு இனிச் சிரிக்கும்போது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.