திருகோணமலையும் குருதியின் உயிர்ச்சத்து அளவும்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. அதன்பொருட்டு ஐரோப்பியர் பொருத வரலாறு யாவரும் அறிந்ததே. அத்துறைமுகத்தைக் காத்துநின்ற படைவீரரைப் பகைவரின் பீரங்கியோடு உணவுக்குறையும் வருத்திற்று என்பது அத்துணை அறியப்படாத செய்தியாகும்.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். 1797இல் தோமஸ் கிறிஸ்ரி என்னும் படை வைத்தியர் அங்கு வந்து சேர்ந்தார். இலங்கைப் படைகளிடையே பரவிய பெரிபெரி நோயைப் பற்றி அவர் எழுதிய கடிதம், 1804இல் கல்கத்தாவில் வில்லியம் ஹண்டர் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. இந்நோய் கண்டார்க்குக் கால்கள் மரத்து வீங்கும், மூச்சுத் திணறும், பலர் மாண்டும் போவர். ஊட்டமற்ற உணவும் இதற்கு ஒரு காரணமென அவர் கருதினார். அக்கருத்து மெய்யென நிறுவப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

1890களில் யாவாத் தீவில் எய்க்மன் என்பார், தீட்டிய அரிசியே உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். 1926இல் அத்தீவிலேயே ஜான்சன், டொனத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து அவ்வுயிர்ச்சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டின் சத்து அரிசியினுட் செல்கின்றது. ஆதலாற் புழுங்கலரிசியுண்போர் இந்நோயினின்றும் பெரும்பாலும் தப்பினர்.

நோய் வெளிப்பட்டபின் அறிவது எளிது. வெளிப்படுமுன் அறிவதே பயனுடைத்து. கொழும்புப் பற்றீரியவியல் நிலையத்தில் ஆய்வு நடத்திய லூசியஸ் நிக்கல்ஸ், தோல் தேரைத்தோல் போலச் சொரசொரப்பாதலை உயிர்ச்சத்துக் குறையின் அறிகுறியென 1933இல் விளக்கினார். அதுவும் உடலில் வெளிப்பட்ட குறியே. குருதியிலுள்ள உயிர்ச்சத்தை நேரே அளக்கும் முறைகள் அமைந்தபின்னரே மறைந்துநின்ற குறையைக் காணல் இயல்வதாயிற்று.

ஆயின், அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? நலமுடையோர் குறைந்தது 120 பேரின் குருதியை அளந்து, அவ்வளவுகளை ஏறுவரிசையில் நிறுத்தி, இரு முனையிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை நீக்கி, எஞ்சிய எல்லையை இயல்பென வகுத்தல் ஆய்வுகூடங்களின் வழக்கம். இங்கே ஓர் இடர் உண்டு. நலமுடையோர்போற் காணப்படுவோரே குறையுடையோராயின் அவ்வெல்லை குறையையே இயல்பெனக் கூறிவிடும்.

அண்டைநாட்டில் இதற்குச் சான்றுண்டு. புனேப் பகுதியில் நடுவயது ஆடவர் 441 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 67 பேரின் குருதியில் விற்றமின் பி12 குறைந்திருந்தது. இச்சத்து பால், மீன், முட்டை, ஊன் ஆகியவற்றிலன்றி மரக்கறியில் இல்லை. அங்கே பெரும்பான்மையோர் அளவை இயல்பெனக் கொள்வது தகுமா? இலங்கையில் 1995-96இல் நடந்த ஆய்விலும் சிறுவருள் நூற்றுக்கு 36 பேரின் குருதியில் விற்றமின் ஏ, 100 மில்லிலீற்றருக்கு 20 மைக்கிரோகிராமினும் குறைந்திருந்தது.

அவ்வாறாயின் பிறநாட்டார் வகுத்த எல்லையை அப்படியே கொள்ளலாமெனின், அதுவும் பொருந்தாது. காய்ச்சலும் தொற்றும் உள்ளபோது, ஈரலில் விற்றமின் ஏ சேமிப்பிருப்பினும் குருதியில் அதன் அளவு தாழும். மலேரியாவால் நெடுங்காலம் நலிந்த கந்தளாய் போன்ற உலர்வலய ஊர்களில் அன்று எடுக்கப்படும் எண் உணவுக்குறையை மட்டும் காட்டியிராது. 2016இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டமையால் அத்தடை அகன்றது. ஏனைய தொற்றுகள் அகன்றில.

எனவே இருவழியையும் இணைத்தலே முறை. எவ்வளவிற் கண்பார்வை, நரம்பு, குருதியாக்கம் என்பன தளர்கின்றன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பின்னர், உணவும் உடல்நலமும் ஆராய்ந்து தெரிந்தெடுத்த உள்ளூராரின் குருதியை அதனோடு ஒப்பிடல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் மீனுண்ணும் கடற்கரையோர், நெல்விளைக்கும் குளத்தூரார், மரக்கறியே உண்போர் எனப் பல திறத்தாரும் உளர். ஒரு சாராரின் அளவு மற்றையோர்க்கும் பொருந்துமென முற்கூட்டியே கொள்ளல் ஆகாது.

1993, 2000 ஆகிய ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் போரின் காரணமாக வட, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. 2006-07 ஆய்வில் கிழக்கு சேர்க்கப்பட்டது. அதுகாறும் நாட்டின் சராசரியெனப்பட்டவற்றில் திருகோணமலையார் எண்ணப்படவில்லை. எண்ணப்படாத மக்களின் குறை எவர் கண்ணுக்கும் புலனாகாது. அதற்கு மருந்தும் உணவும் ஒதுக்கப்படுவதுமில்லை.

படைமுகாமிற் பலர் கால் தளர்ந்தமையால் அத்தளர்ச்சியை அவ்விடத்தின் இயல்பெனக் கிறிஸ்ரி கொண்டாரல்லர். பலர்க்குப் பொதுவாயிருப்பது வேறு, நலத்திற்கு உரியதாயிருப்பது வேறு. அவ்விரண்டையும் பிரித்தறிதலே இன்றும் குருதியை அளப்போர்க்கு முதற்கடமையாகும்.